ஏடுகளை இணைக்கும் கலை



பட்டியல் எழுதுவது மனிதனுடைய மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அரசன் இறை அறவிடுவதற்காகப் பட்டியல் எழுதுவித்தான். வணிகன் கொடுக்கல் வாங்கலை மறவாதிருக்கும் பொருட்டுப் பட்டியல் எழுதினான். ஓலையும் எழுத்தாணியும் போய்த் தாளும் மையும் வந்தன. இன்று அவற்றின் இடத்தைக் கணினி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. எழுதும் கருவி மாறிற்றேயன்றி, எழுதுவோனை எதிர்நோக்கும் வினாக்கள் மாறவில்லை. எழுதிய செய்தி நாளையும் உண்மையாக நிற்குமா? வேண்டிய வேளையில் அதனைத் தேடி எடுக்க இயலுமா? ஒரே செய்தி ஈரிடங்களில் இருவிதமாக எழுதப்பட்டிருந்தால் எதனை நம்புவது?

இவ்வினாக்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் கண்ட விடைக்குத் தொடர்புத் தரவுத்தளம் என்று பெயர். நம் நாட்டில் க. பொ. த. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இஃது ஒரு பகுதியாக இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானம் பயில்வோர்க்கும் இஃது இன்றியமையாத பாடமாகும். பலர் இதனைச் சில கட்டளைச் சொற்களின் தொகுதியென எண்ணி மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இதன் உள்ளே ஓர் ஒழுக்கம் உண்டு. அவ்வொழுக்கம் மனிதருடைய வாழ்வைத் தொடுவது. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை நோக்கிக் கடற்கரையோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையில், வாகரையைக் கடந்து வெருகலை அடையுமுன் உள்ள ஊர் கதிரவெளி. ஒருபுறம் கடல்; மறுபுறம் வயலும் காடும். மீன்பிடியும் வேளாண்மையும் அவ்வூர் மக்களின் தொழில்கள். அவ்வூர் மாணவன் ஒருவன் இப்பாடத்தைப் பயிலத் தொடங்குகிறான் என்று கொள்வோம். அவனுக்கு விளங்கும் உதாரணம் எது? தூரதேசத்து விமான நிலையத்தையோ பெருவங்கியையோ தேடிப்போக வேண்டியதில்லை. ஊரில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாகவும், அதன் செயலாளர் ஒரேயொரு பேரேட்டில் எல்லாவற்றையும் எழுதிவருவதாகவும் கற்பனை செய்தாற் போதும்.

அப்பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் அங்கத்தவர் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், வள்ளத்தின் பதிவெண், பெற்ற கடன், பெற்ற திகதி, நிலுவை ஆகிய யாவும் எழுதப்படுகின்றன. முதல் நாளில் இது வசதியாகவே தோன்றும். ஆனால், ஆண்டொன்று கழியுமுன் மூன்று நோய்கள் தலைகாட்டும்.

முதலாவது, திருத்தத்தால் வரும் நோய். ஓர் அங்கத்தவர் ஐந்து தடவை கடன் பெற்றார். ஆகவே, அவருடைய முகவரி ஐந்து வரிகளில் இருக்கிறது. அவர் வீடு மாறினார். செயலாளர் மூன்று வரிகளைத் திருத்தினார். இரண்டு கண்ணிற் படவில்லை. இப்பொழுது ஏடு ஒரே மனிதரை இரண்டு வீடுகளில் குடியிருத்துகிறது. எது மெய் என்று ஏட்டைக் கேட்டால், ஏட்டுக்கு விடை தெரியாது.

இரண்டாவது, சேர்ப்பதால் வரும் நோய். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இன்னும் கடன் பெறவில்லை. கடன் இல்லாத வரியை எங்ஙனம் எழுதுவது? கடன் நிரலை வெறுமையாக விடுவதா, பூச்சியம் இடுவதா? ஓர் அங்கத்தவர் இருக்கிறார் என்னும் எளிய உண்மையைச் சொல்வதற்கே இடமில்லாது போய்விடுகிறது.

மூன்றாவது, நீக்குவதால் வரும் நோய். மற்றொருவர் தம் ஒரே கடனையும் தீர்த்துவிட்டார். செயலாளர் அந்த வரியை வெட்டிவிடுகிறார். கடனோடு கூட அவருடைய பெயரும், முகவரியும், வள்ளத்தின் எண்ணும் ஏட்டைவிட்டு மறைந்துவிடுகின்றன. கடன் தீர்த்தவர் சங்கத்திலிருந்தே தீர்ந்துபோகிறார்!

இம்மூன்றும் செயலாளரின் சோம்பலால் வந்தவை அல்ல. எவ்வளவு கவனமுடையவர் எழுதினும், ஏட்டின் அமைப்பு அவரைத் தவறுக்கு இழுத்துச் செல்லும். ஒரே வரியில் அங்கத்தவரைப் பற்றிய உண்மை, வள்ளத்தைப் பற்றிய உண்மை, கடனைப் பற்றிய உண்மை என மூன்று வேறு பொருள்களைப் பற்றிய உண்மைகளைக் கட்டிப்போட்டதே நோயின் மூலம். ஒன்றை அசைத்தால் மற்றவை அசைகின்றன.

ஏடுகளைப் பொருளுக்கேற்பப் பிரித்து எழுதும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. இலங்கையின் கரையோரங்களை 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர், தோம்பு எனப்படும் பதிவேடுகளை எழுதுவித்தனர். அச்சொல் அவர்களுக்கு முன் ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் தோம்புகளில் குடும்பங்களையும் ஆட்களையும் குறிப்பது தலைத் தோம்பு; காணிகளையும் அவற்றின் உரிமையையும் குறிப்பது காணித் தோம்பு. ஆளுக்கு ஓர் ஏடு, காணிக்கு ஓர் ஏடு. ஆட்கள் பிறந்து இறப்பர். காணி அங்கேயே கிடக்கும். மாறும் வேகம் வேறான இரு பொருள்களை ஒரே ஏட்டில் அடைப்பது தகாதென்பதை அக்காலத்து எழுத்தரும் உணர்ந்திருந்தனர் போலும். அத்தோம்புகள் பல கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

எனினும், ஏடுகளைப் பிரித்தால் மட்டும் போதாது. பிரித்தவற்றை மீண்டும் பொருத்துவதற்கு உறுதியான வழி வேண்டும். கணினி வந்த தொடக்ககாலத்தில் இவ்வழி எளிதாக இருக்கவில்லை. 1960களில் தரவுகளை ஒரு மரத்தின் கிளைகளைப் போலவும், ஒரு வலையின் முடிச்சுகளைப் போலவும் கணினியில் அடுக்கினர். அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்கான பொருட் பட்டியல்களைக் கையாளுவதற்கு ஐ. பி. எம். நிறுவனம் உதவி அமைத்த முறை மரவகையைச் சேர்ந்தது. அம்முறைகள் வேகமானவை, ஆயினும் ஒரு குறை உண்டு. ஒரு செய்தியை அடைய வேண்டுமாயின், எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்பதை நிரல் எழுதுவோன் அறிந்திருத்தல் வேண்டும். கிளையமைப்பை மாற்றினால் எழுதிய நிரல்கள் யாவும் பழுதாகும். எதிர்பாராத புதிய வினா ஒன்றைக் கேட்க விரும்பினால் புதிய பாதையையே வெட்ட வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர் எட்கர் கொட் என்பவர். 1923ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இரசாயனமும் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியபின் அமெரிக்கா சென்று ஐ. பி. எம். நிறுவனத்திற் சேர்ந்தார். கலிபோர்னியாவிலுள்ள அதன் ஆராய்ச்சிக்கூடத்திற் பணிபுரிந்த காலத்தில், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம், பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய தரவுத் தொகுதிகளுக்கான தொடர்பு மாதிரியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கணிதத்தில் கணக்கோட்பாடு என்றும் தொடர்பு என்றும் வழங்கும் கருத்துகளை அவர் ஏடுகளுக்குப் பொருத்தினார். இச்சேவைக்காக 1981இல் கணினித் துறையின் மிகவுயர்ந்த விருதாகிய டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2003இல் அவர் காலமானார்.

கொட் கூறிய கருத்தின் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். எல்லாத் தரவுகளும் அட்டவணைகளாக இருக்கட்டும். ஓர் அட்டவணை ஒரு வகைப் பொருளைப் பற்றியே பேசட்டும். கிடையாக ஓடும் ஒவ்வொரு நிரையும் ஓர் ஆளை, அல்லது ஒரு வள்ளத்தை, அல்லது ஒரு கடனைக் குறிக்கட்டும். நிலைக்குத்தாக இறங்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு பண்பைக் குறிக்கட்டும். நிரைகளின் வரிசைக்கு எவ்விதப் பொருளும் இல்லை. முதலில் இருப்பது பெரியதுமன்று, கடைசியில் இருப்பது சிறியதுமன்று. அட்டவணைகளைப் பிணைப்பது கணினிக்குள் மறைந்திருக்கும் பாதை அன்று. எவரும் கண்ணாற் காணத்தக்க பெறுமதிகளே அவற்றைப் பிணைக்கின்றன. தரவு எங்கே, எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் பயன்படுத்துவோன் அறியவேண்டியதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதை மாத்திரம் சொன்னாற் போதும்.

இனிக் கதிரவெளிச் சங்கத்தின் பேரேட்டுக்குத் திரும்புவோம். அதனை மூன்று அட்டவணைகளாக வகுப்போம். முதலாவது அங்கத்தவர் அட்டவணை: அங்கத்துவ எண், பெயர், முகவரி. இரண்டாவது வள்ள அட்டவணை: பதிவெண், வகை, இயந்திரத்தின் வலு. மூன்றாவது கடன் அட்டவணை: கடன் எண், அங்கத்துவ எண், தொகை, திகதி, நிலுவை. இப்பொழுது ஒருவர் ஐந்து முறையன்று, ஐம்பது முறை கடன் பெற்றாலும் அவருடைய முகவரி ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். அதனை ஒருமுறை திருத்தினாற் போதும். கடன் பெறாதவரும் அங்கத்தவர் அட்டவணையில் தலைநிமிர்ந்து நிற்பார். கடன் நிரை நீங்கினாலும் கடனாளி நீங்கமாட்டார். முன்பு கண்ட மூன்று நோய்களும் ஒருங்கே தீர்ந்தன.

இவ்வமைப்பைத் தாங்கி நிற்பது சாவி என்னும் கருத்து. அங்கத்தவர் அட்டவணையில் ஒவ்வொரு நிரையையும் ஐயமின்றி இனங்காட்டும் அங்கத்துவ எண், அவ்வட்டவணையின் முதன்மைச் சாவி. அதே எண் கடன் அட்டவணையில் வந்து, இக்கடன் இன்னாருடையது என்று சுட்டும்பொழுது, அங்கே அதற்கு அந்நியச் சாவி என்று பெயர். அந்நியன் என்றால் பகைவன் அல்லன். வேற்றிடத்தைச் சேர்ந்தவன் என்பதே பொருள். அந்நியச் சாவி சுட்டும் ஆள் மெய்யாகவே அங்கத்தவர் அட்டவணையில் இருத்தல் வேண்டும் என்பது கடுமையான விதி. இல்லாத ஆளின் பெயரில் கடன் எழுத முயன்றால், நன்கமைந்த தரவுத்தளம் அதனை ஏற்க மறுத்துவிடும். பேரேட்டில் செயலாளருடைய மனச்சாட்சியை நம்பியிருந்த காவலை, இங்கே அமைப்பே மேற்கொள்கிறது.

பெயரையே சாவியாகக் கொண்டால் என்ன என்று மாணவன் கேட்பான். கேட்க வேண்டிய வினாவே. நம் மக்களிடையே கந்தசாமி என்னும் பெயருடையோர் ஊர்தோறும் உளர். தந்தை பெயரை முதலெழுத்தாக ஓரிடத்திலும், முழுமையாக மற்றோரிடத்திலும் எழுதுவது நம் வழக்கம். அதே பெயர் தமிழில் ஒருவிதமாகவும், ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும், சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்படுகிறது. பெண்கள் பலர் மணத்தின்பின் கணவன் பெயரின் முதலெழுத்தை ஏற்கின்றனர். ஆகவே, பெயர் மனிதனை அழைப்பதற்கு உரியதேயன்றி, ஏட்டில் இனங்காண்பதற்குப் போதியதன்று.

அவ்வாறாயின், தேசிய அடையாள அட்டை எண்ணைக் கொள்ளலாமா? அதனை ஆராய்வதே ஒரு நல்ல பாடம். பழைய எண் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அந்நாளோடு 500 கூட்டப்படும். ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே இருந்தமையால், 1923இற் பிறந்தவரையும் 2023இற் பிறந்தவரையும் அப்பகுதி வேறுபடுத்திக் காட்டமாட்டாது. 2016ஆம் ஆண்டு முதல் ஆண்டை நான்கு இலக்கங்களால் குறிக்கும் 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. சாவிக்குள் பொருளைப் பொதிந்து வைத்தால், காலம் மாறும்பொழுது சாவியையே மாற்ற நேரும் என்பதற்கு இது தக்க உதாரணம். மேலும், சிறுவருக்கு அடையாள அட்டை இல்லை; அட்டையை இழந்தவர்க்கும் எண் நினைவில் இருப்பது நிச்சயமில்லை. எனவே, சங்கம் தானே வழங்கும் பொருளற்ற ஒரு வரிசை எண்ணே பெரும்பாலும் சிறந்த சாவியாகும். அடையாள அட்டை எண் ஒரு பண்பாக அருகில் இருக்கலாம்.

அட்டவணைகளை முறையாக வகுக்கும் வழியை இயல்பாக்கம் என்பர். இதற்குப் படிகள் உண்டு. முதற் படியில், ஓர் அறையில் ஒரு பெறுமதியே இருத்தல் வேண்டும். ஒருவருக்கு இரண்டு தொலைபேசி எண்கள் இருப்பின் அவற்றை ஒரே அறையில் நெருக்கி எழுதலாகாது. இரண்டாம் படியில், சாவி பல நிரல்களால் ஆனதாயின், ஏனைய பண்புகள் அச்சாவி முழுவதையும் சார்ந்திருத்தல் வேண்டும். அதன் ஒரு பகுதியை மட்டும் சார்ந்திருத்தலாகாது. மூன்றாம் படியில், சாவியல்லாத ஒரு பண்பு சாவியல்லாத இன்னொரு பண்பைச் சார்ந்திருத்தலாகாது. கிராம உத்தியோகத்தர் பிரிவைச் சொன்னாலே, அஃது எந்தப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். ஆகையால், இரண்டையும் ஒவ்வோர் அங்கத்தவருக்கு எதிரிலும் எழுதுவது வீண். பிரிவுகளுக்கெனத் தனி அட்டவணை வைப்பதே முறை. படிகளின் பெயர்கள் மாணவனை மருட்டலாம். அவற்றின் உட்பொருள் ஒன்றே. ஓர் உண்மையை ஓரிடத்தில், அவ்வுண்மை யாரைப் பற்றியதோ அவருக்கு எதிரில் மட்டும் எழுதுக.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு வள்ளத்தை அண்ணனும் தம்பியும் கூட்டாக வைத்திருப்பது கரையோர ஊர்களிற் புதுமையன்று. அதே அண்ணனுக்கு வேறொரு வள்ளத்திலும் பங்கு இருக்கலாம். ஒருவருக்குப் பல வள்ளங்கள்; ஒரு வள்ளத்துக்குப் பலர். இதனை அங்கத்தவர் அட்டவணையிலும் எழுத முடியாது; வள்ள அட்டவணையிலும் எழுத முடியாது. இருவருக்கும் இடையிலுள்ள உறவுக்கே ஓர் அட்டவணை வேண்டும். அங்கத்துவ எண், வள்ளத்தின் பதிவெண், பங்கின் அளவு என்பன அதன் நிரல்கள். இங்கே முதலிரண்டும் சேர்ந்தே சாவியாகின்றன. பொருள்களை மட்டுமன்றி அவற்றிடையேயுள்ள உறவுகளையும் வரைந்து பார்த்து அட்டவணை அமைக்கும் முறையை 1976இல் பீற்றர் சென் என்னும் அறிஞர் வகுத்தளித்தார். மாணவர் பெட்டிகளும் சாய்சதுரங்களுமாக வரையும் படம் அம்முறையின் வழிவந்ததே.

ஏடுகளை வகுத்தாயிற்று, இனிக் கேட்கும் வகை யாது? 1974இல் ஐ. பி. எம். ஆராய்ச்சியாளராகிய டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் போய்ஸ் ஆகிய இருவரும், கொட்டின் கணிதத்தைச் சாதாரண ஆங்கிலச் சொற்களாற் கேட்கத்தக்க ஒரு மொழியாக்கினர். அதுவே இன்று எஸ். கியூ. எல். என வழங்குகிறது, 1987இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. அதன் வாக்கிய அமைப்பு நம் பேச்சுக்குத் தூரமானதன்று. இன்ன நிரல்களைத் தெரிந்தெடு, இன்ன அட்டவணைகளிலிருந்து, இன்ன நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் – இவ்வளவே. நிலுவை உடையோரின் பெயர்கள் வேண்டுமாயின், அங்கத்தவர் அட்டவணையையும் கடன் அட்டவணையையும் அங்கத்துவ எண் ஒத்திருக்குமாறு இணைத்து, நிலுவை பூச்சியத்திலும் கூடிய நிரைகளைத் தெரிந்தெடுக்கக் கேட்கலாம். எந்த வரிசையில் தேடுவது, எதனை முதலிற் பார்ப்பது என்பவற்றைக் கணினியே தீர்மானித்துக்கொள்ளும்.

இணைப்பு என்று சொன்னோம். இப்பாடத்தின் உயிர்நிலை அதுவே. ஆபத்தும் அங்கேயே உண்டு. இரண்டு அட்டவணைகளைச் சாதாரணமாக இணைத்தால், இரண்டிலும் ஒத்த சாவி உடையோர் மட்டுமே விடையில் வருவர். இதனை உள்ளிணைப்பு என்பர். கடன் பெறாத அங்கத்தவர் விடையிலிருந்து ஓசையின்றி மறைந்துவிடுவர். அவர்களையும் காண வேண்டின் வெளியிணைப்பு என்னும் வேறுவகை இணைப்பைக் கேட்டல் வேண்டும். பொருந்தாதவரும் விடையில் வருவர். அவருக்கு எதிரில் கடன் நிரல் வெறுமையாக இருக்கும். அவ்வெறுமையும் ஒரு செய்தியே. வெறுமை என்பது பூச்சியம் அன்று. ஒருவருடைய வயது தெரியவில்லை என்பது வேறு. அவருடைய வயது பூச்சியம் என்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தரவுத்தளம் ஒழுங்காகப் பேண வேண்டும் என்பதை, 1985இல் தாம் வகுத்த விதிகளுள் ஒன்றாகக் கொட் சேர்த்துக்கொண்டார்.

இதுவரை கூறியவை ஏட்டுக் கல்வியாகத் தோன்றலாம். இவை மனிதருடைய உயிரோடும் கண்ணீரோடும் தொடர்புடையவை என்பதை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நம் நாடு கண்டது. ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. வாகரைப் பிரதேசத்தின் கரையோர ஊர்களும் அதற்குத் தப்பவில்லை. உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினர். பிள்ளையைத் தேடும் தாயின் பெயர் ஒரு முகாமின் பட்டியலில். அப்பிள்ளையின் பெயர் வேறொரு முகாமின் பட்டியலில். இரண்டு பட்டியல்களும் உண்மையாகவே எழுதப்பட்டவை. ஆனால், அவற்றை இணைக்கச் சாவி இல்லை. ஒன்றில் பெயர் முதலெழுத்தோடு. மற்றதில் செல்லப் பெயரால். அடையாள அட்டைகள் அலையோடு போய்விட்டன.

அந்நாட்களில் இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடிச் சில நாட்களிலேயே ஒரு தகவல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். சிங்களத்தில் துயர்தணிப்பைக் குறிக்கும் சஹனா என்னும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. காணாமற்போனோர் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவையும் உதவியும் பொருத்தும் பதிவு என அதில் வெவ்வேறு பகுதிகள் இருந்தன. மை. எஸ். கியூ. எல். என்னும் தொடர்புத் தரவுத்தளத்தின்மேல், எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க திறந்த மென்பொருளாக அது கட்டப்பட்டது. பின்னர் லங்கா மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் அது செப்பனிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிற்றியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் மன்றம் சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டின் விருதினை அதற்கு வழங்கிற்று. நம் நாட்டின் துயரிலிருந்து பிறந்த ஒரு கருவி, பிற நாட்டார் துயர்க்கும் உதவிற்று என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இனி அந்த இணைப்பு என்னும் செயலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். தேடப்படுவோர் ஓர் அட்டவணை. முகாமில் உள்ளோர் ஓர் அட்டவணை. உள்ளிணைப்பைக் கேட்டால், கண்டுபிடிக்கப்பட்டோர் மட்டும் விடையில் வருவர். விடை மகிழ்ச்சியாகவே இருக்கும். ஆனால், தேடப்பட்டும் எம்முகாமிலும் காணப்படாதோர் எங்கே? அவர்கள் வெளியிணைப்பில் மட்டுமே தென்படுவர். அவர்களுக்கு எதிரில் உள்ள வெற்றிடத்தைக் கண்டு, இறந்தனர் என்று ஒருவன் எழுதிவிடுவானாயின் அது பிழை. தேடல் முடிந்தது என்று எழுதினாலும் பிழை. இன்னும் தெரியவில்லை என்பதே அவ்வெற்றிடத்தின் பொருள். பரீட்சைத் தாளில் இரண்டு புள்ளிகளுக்குரிய வேறுபாடு, ஒரு தாயின் வாசலில் நிற்கும்போது எத்துணைப் பெரியதாகிவிடுகிறது!

கதிரவெளிக்கு இத்துயர் ஒருமுறையோடு முடியவில்லை. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளி விக்னேசுவரா வித்தியாலயத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். அக்காலத்தில் அப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். பெயர்வு ஒவ்வொன்றிலும் ஒரு புதிய பட்டியல். பட்டியல் ஒவ்வொன்றிலும் பெயர் புதுவிதம். பிறப்புச் சான்றிதழும், காணி உறுதியும், பாடசாலைப் பதிவும் இழந்தவர்க்குத் தாம் இன்னார் என்று காட்டுவதே பெரும் பாடாகும். ஆகவே, ஓர் உண்மையைச் செம்மையாக ஓரிடத்தில் எழுதி, அதனைத் தேடி எடுக்க வழியும் வைப்பது, அம்மண்ணின் மாணவனுக்கு வெறும் தொழில்நுட்பமாக மட்டும் இருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இணைக்கப்பட்ட ஏடுகளுக்கு வலிமை மிகுதி. வலிமை எவர் கையில் இருப்பினும் கட்டுப்பாடு தேவை. நிவாரணத்துக்காகக் கொடுத்த தகவல் வேறொன்றுக்குப் பயன்படலாகாது. இக்கருத்தை முன்னிட்டே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அட்டவணை அமைக்கும் மாணவன், எந்த நிரல் தேவை என்பதோடு எந்த நிரல் தேவையில்லை என்பதையும் எண்ணிப் பழகுதல் நலம்.

இப்பாடத்தைப் பயிலும் இளைஞருக்குச் சில சொல்ல விரும்புகிறேன். கணினியின் முன் அமருமுன் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் உள்ள ஓர் ஏட்டைத் தெரிந்தெடுங்கள்: பாடசாலை நூலகத்தின் இரவல் ஏடு, கோயில் திருவிழாவின் உபயகாரர் பட்டியல், விளையாட்டுக் கழகத்தின் சந்தா ஏடு, எதுவாயினும் ஆகட்டும். அதில் எத்தனை பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை வரைந்து சாவி ஒன்று அமையுங்கள். இருவருக்கிடையே பல உறவுகள் இருப்பின் அவ்வுறவுக்கும் ஓர் அட்டவணை வையுங்கள். பின்பு பத்து நிரைகளை எழுதி, ஒன்றைத் திருத்தியும், ஒன்றைச் சேர்த்தும், ஒன்றை நீக்கியும் பாருங்கள். ஏதேனும் ஓர் உண்மை பொய்யாகிறதா, அல்லது மறைகிறதா என்று கவனியுங்கள். அதன்பின் கட்டளைச் சொற்களைக் கற்கத் தொடங்கினால், அவை மனத்தில் தாமாகவே பதியும்.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கூடம், மட்டக்களப்பு மாவட்டத்து மாணவர்க்கு உயர்கல்வியின் வாயிலை ஊருக்கு அண்மையிலேயே திறந்தது. அவ்வாயிலை நோக்கி நடக்கும் பிள்ளைகளுள், கரையோரத்துச் சிற்றூர்களிலிருந்து வருவோரும் பலராகுக. ஏடுகளில் தம் மக்களுடைய பெயர் எங்ஙனம் தவறிப்போகிறது என்பதை அவர்கள் நேரில் அறிந்தவர்கள். தவறாதபடி எழுதும் கலையை அவர்களே நன்கு கற்றுக்கொள்ளட்டும்.